கடைசி வரிசைக்குச் சொல் கேட்க வேண்டும்

எந்த மண்டபத்துக்குப் போனாலும், ஒலிபெருக்கிப் பொக்ஸ்களை இறக்குவதற்கு முன் கடைசி வரிசையில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருவேன். கூட வரும் தம்பிமார் இருவருக்கும் இது பழகிவிட்டது. ஒருவர் மேடையில் ஏறிக் கையைத் தட்டுவார். பிறகு சாதாரணக் குரலில் எதையாவது வாசிப்பார், சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தல் என்றாலும் சரி. மைக் இல்லாத அந்தக் குரல் பின்னால் எப்படி வந்து சேருகிறது என்று கேட்டாலே, அன்றைக்கு எங்கே பாடுபட வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் என் அம்மம்மா. சின்ன வயதில் கோயில் பிரசங்கங்களுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். முன்னால் இடம் கிடைக்காது. தூணில் கட்டிய புனல் வடிவ ஒலிபெருக்கிக்குக் கீழேதான் இருப்போம். வீட்டுக்கு நடந்து வரும்போது, "இண்டைக்கு என்ன கதை சொன்னவர்?" என்று என்னிடம் கேட்பார். எனக்கும் தெரியாது. காது அடைக்கும் அளவுக்குச் சத்தம் கேட்டது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கைகூப்பி இருந்த ஒரு மனுஷி கதை தெரியாமல் வீடு திரும்புவது எனக்கு அன்றைக்கே பொறுக்கவில்லை.

பகலில் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு, போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களில் ஒலி அமைப்பு. தொடங்கிப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது. என்னிடம் இருப்பவை 12 அங்குல பொக்ஸ் நான்கு, தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப், மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க மொனிட்டர் பொக்ஸ் மூன்று, 16 சனல் டிஜிட்டல் மிக்ஸர், மைக்குகள், வயர். முந்நூறு பேர் கொள்ளும் மண்டபம்தான் என் எல்லை. அரங்கேற்றம், கல்யாணம், பரிசளிப்பு விழா, புத்தக வெளியீடு, அலுவலக வாணி விழா எல்லாம் எடுப்பேன். டீஜே, இசைக்குழு, திறந்தவெளிக் கொண்டாட்டம் என்று யாராவது கேட்டால் முழுநேரமாகச் செய்பவர்களின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிடுவேன். சின்னதாக வைத்திருந்தபடியால்தான் இவ்வளவு காலமும் செய்ய முடிந்தது என்று நம்புகிறேன்.

முதல் வேலை எங்கள் அலுவலக வாணி விழா. 2012. கொழும்பில் நவராத்திரி ஒன்பது நாளும் ஏதாவது ஒரு அலுவலகத்தில் சுண்டலும் சரஸ்வதி படமும் இருக்கும். யாரிடமோ இரவல் வாங்கிய மிக்ஸரை வைத்து மைக்கைப் போட்டேன். எல்லா நொப்பையும் கூட்டினால் எல்லாருக்கும் கேட்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு அக்கா வீணை வாசித்தபோது மைக் ஊளையிட்டது. அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைப் படிக்க வைத்தது.

ஊளையிடுவது ஏன் என்று விளங்கிவிட்டால் பாதித் தொழில் கைக்கு வந்துவிடும். மைக்குக்குள் போன சத்தம் பொக்ஸில் வெளிவந்து, திரும்பவும் மைக்குக்குள் போய், இன்னும் பெரிதாக வெளியே வருகிறது. அந்தச் சுற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் பிடித்துக்கொண்டால் ஊளை. ஆகவே முதல் வேலை பொக்ஸை மைக்குக்கு முன்னால், சபையின் பக்கம் தள்ளி வைப்பது. இரண்டாவது, பாவிக்காத மைக்கை மூடி வைப்பது. திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால், ஊளை தொடங்கும் எல்லை 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கிட்ட வந்துவிடும். மேடையில் எட்டு மைக்கை நிறுத்தி எட்டையும் திறந்துவிட்டு, "மிக்ஸர் சரியில்லை" என்று சொல்லிப் பயனில்லை. மூன்றாவது, மைக்கும் வாயும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் சும்மா கிடைக்கும். எந்த விலையுயர்ந்த பெட்டியும் அவ்வளவு மலிவாக அதைத் தராது.

பிரதம விருந்தினர்கள் மைக்கை வயிற்றுக்கு நேரே பிடிப்பார்கள். திருத்தப் போனால் அவமரியாதையாகிவிடும். அதனால் கையில் மைக் கொடுப்பதையே விட்டுவிட்டேன். உரை மேசையில் வளைகழுத்து மைக் இரண்டைப் பொருத்தி, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று பிடிக்கும்படி வைத்துவிடுவேன். கையில்தான் வேண்டும் என்றால், அறிவிப்பாளராக வரும் பிள்ளையிடம் முதலே சொல்லி வைப்பேன்: "நீங்கள் நாடிக்குக் கிட்டப் பிடித்துக் கதையுங்கோ, பிறகு வருபவர்களும் பார்த்துச் செய்வார்கள்." பெரும்பாலும் செய்கிறார்கள்.

சொல் விளங்குவது வேறு சங்கதி. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பேச்சில் பலம் பெரும்பாலும் உயிரெழுத்தில் இருக்கிறது. 'ஆ', 'ஓ' எல்லாம் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தும் மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் 'கடல்' என்றாரா 'படல்' என்றாரா, 'பள்ளி'யா 'பல்லி'யா என்று காட்டுவது மெய். அது மெல்லியது, ஒரு நொடியில் போய்விடும். எங்கள் ஊர் மண்டபங்களில் தரை டைல்ஸ், சுவர் வெறுஞ்சீமெந்து, மேலே தகரம் அல்லது கொங்கிரீட். முன் சொன்ன உயிரெழுத்தின் எதிரொலி, அடுத்து வரும் மெய்யை மூடிவிடுகிறது. அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும், விளக்கம் கூடாது. பின்னால் இருப்பவர் "கேட்கவில்லை" என்று கையைக் காட்டும்போது அவர் சொல்ல வருவது பெரும்பாலும் "விளங்கவில்லை" என்பதைத்தான். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட இரண்டு வருடம் எடுத்தது.

இப்போது பொக்ஸ்களைத் தலைமட்டத்துக்கு மேலே ஸ்டாண்டில் ஏற்றி, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, ஆட்கள் இருக்கும் பக்கம் மட்டும் பார்க்க வைப்பேன். மனிதர்களும் அவர்களின் சேலையும் சத்தத்தைக் குடிக்கும், சுவர் திருப்பி அடிக்கும். பேச்சு மைக்கில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுவேன். அங்கே சொல் இல்லை, மேடையில் நடக்கும் காலடியும் மின்விசிறிக் காற்றும்தான் இருக்கின்றன. நீளமான மண்டபம் என்றால் நடுவில் இன்னொரு சோடி பொக்ஸை மெல்லிய சத்தத்தில் வைப்பேன். இதில் ஒரு கணக்கு உண்டு. சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் எடுக்கும். முன் பொக்ஸுக்கும் நடுப் பொக்ஸுக்கும் இடையில் 20 மீட்டர் இருந்தால், நடுப் பொக்ஸைக் கிட்டத்தட்ட 60 மில்லிசெக்கன் தாமதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருப்பவருக்கு ஒரே சொல் இரண்டு தரம் வந்து மோதும். டிஜிட்டல் மிக்ஸரில் இது ஒரு எண்ணைத் தட்டும் வேலைதான். நான் அளவுநாடாவைக் கையோடு கொண்டு போவேன்.

மின்சாரம் பற்றி நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

இலங்கையில் இப்போது புதுக் கட்டடங்களில் 13 அம்பியர் சதுரப் பின் பிளக். பழைய மண்டபங்களில் இன்னமும் 5 அம்பியர், 15 அம்பியர் வட்டப் பின்கள்தான் இருக்கும். 230 வோல்ட்டில் 13 அம்பியர் என்றால் ஏறக்குறைய 3000 வாட். ஒரு அரங்கேற்றத்தில் கடவுள் வாழ்த்து முடிந்து பிள்ளை மேடைக்கு வரும் நேரம். பக்கத்து அறையில் சிற்றுண்டி பார்த்தவர்கள் தேத்தண்ணீர்க் கேத்தலை என் வயர் போயிருந்த அதே லைனில் குத்திவிட்டார்கள். கேத்தல் மட்டும் 2000 வாட். ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மெயின் போர்ட் இருந்த அறை பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். பதினெட்டு நிமிடம் அந்தப் பிள்ளை திரைக்குப் பின்னால் அலங்காரத்தோடு வியர்த்துக்கொண்டு நின்றது. அதன் அம்மா என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அதற்குப் பிறகு, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முதல் மண்டபத்தைப் போய்ப் பார்க்காமல் எந்த வேலையும் ஒப்புக்கொள்வதில்லை. மெயின் போர்ட் எங்கே, எந்தப் பிளக் எந்த லைன், திறப்பு யாரிடம், நிகழ்ச்சி முடியும் வரை அவர் எங்கே இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். வட்டப் பின்னுக்கு மாற்றும் வயர்களைப் பட்டறையில் சொல்லிச் செய்வித்து வைத்திருக்கிறேன். கடையில் விற்கும் சின்ன அடப்டர்களை நம்புவதில்லை, சூடேறி உருகியதைப் பார்த்திருக்கிறேன். எர்த் இருக்கிறதா என்று டெஸ்டரால் பார்ப்பேன். எர்த் இல்லாத மேடையில் ஒருவர் மைக்கை வாயருகே பிடிப்பது உயிரோடு விளையாடுவது. நான் எடுக்கும் பிளக்கில் மூன்று மொழியிலும் "கழற்ற வேண்டாம், வேறெதையும் குத்த வேண்டாம்" என்று அட்டை கட்டுவேன். மிக்ஸரை மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் போட்டிருக்கிறேன். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் டிஜிட்டல் மிக்ஸர் திரும்ப எழும்ப நேரம் எடுக்கும், அந்த நேரம் மேடையில் நிற்பவருக்கு ஒரு யுகம்.

அந்தத் தாய் மூன்று வருடம் கழித்து இரண்டாவது மகளின் அரங்கேற்றத்துக்கும் என்னையே கூப்பிட்டார். இரண்டு பிளக்குக்கும் பக்கத்தில் ஆள் நிறுத்தினேன்.

அரங்கேற்றம்தான் நான் அதிகம் விரும்பிச் செய்யும் வேலை. கடினமானதும் அதுதான். பாட்டு, நட்டுவாங்கம் (ஆசிரியை தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்வது), மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஐந்து பேர் ஒரு மூலையில் நெருங்கி இருப்பார்கள். நட்டுவாங்கத் தாளம் உலோகம், தானாகவே மண்டபத்தைக் கிழிக்கும். ஆனால் அதே ஆசிரியையின் வாயிலிருந்து வரும் சொற்கட்டு சபைக்கு வேண்டும். அவரின் மைக்கை வாய்க்கு மிகக் கிட்ட வைத்து, தாளம் பிடிக்கும் கை மைக்கின் முதுகுப்பக்கம் வரும்படி திருப்பிவிடுவேன். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், வலப்பக்க வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத் தொப்பிக்கு ஒன்று. தொப்பியின் கும்கி என்ற ஆழ்ந்த அடியைக் கேட்கச் செய்தால் வாசிப்பவரின் முகமே மலரும். சுருதிப் பெட்டியை மறந்துவிடக் கூடாது. பாடுபவருக்கு அது காதில் விழாவிட்டால் எல்லாமே ஆடும்.

ஆரம்பத்தில் மொனிட்டர்களைப் பாடகர்களுக்கு மட்டும் வைத்தேன். ஒத்திகையில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சபைக்குப் பாட்டுக் கேட்டால் போதும். பிள்ளைக்குத் தாளம் கேட்கவேணும்." ஆடும் பிள்ளை மேடையின் மறுகோடிக்குப் போகும்போது, மண்டபத்தின் பின்சுவரில் பட்டுத் திரும்பும் தாளம் பிந்தித்தான் கேட்கும். அதைக் கேட்டு ஆடினால் அடவு பிந்தும். இப்போது மேடையின் இரு பக்கத்திலும் பிள்ளையைப் பார்த்தபடி ஒவ்வொரு மொனிட்டர். அதில் நட்டுவாங்கமும் மிருதங்கமும்தான் கூட, பாட்டு கொஞ்சம். சலங்கைக்கு மேடை விளிம்பில் தட்டையான மைக் ஒன்று போதும். தீர்மானம் என்ற தாளக் காலடி முடிவில் மட்டும் அதை ஏற்றி, பாவம் காட்டும் அபிநயத்தில் இறக்குவேன். பதம் என்ற பாவப் பாடல் நடக்கும்போது பலகையில் கால் உரசும் சத்தம் எதற்கு?

கல்யாண வீட்டில் வேலை குறைவு, பொறுமை கூட வேண்டும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் சின்ன மண்டபத்தில் மைக் தேவையில்லை. போடச் சொல்லிக் கேட்பார்கள், நான் ஐயரின் மந்திரத்துக்கு மட்டும் போடுவேன். ஆனால் இப்போது பாதிச் சொந்தம் டொராண்டோவிலும் லண்டனிலும் இருந்து நேரலையில் பார்க்கிறது. மண்டபத்துக்குப் போகும் கலவையையே கமராக்காரரிடம் கொடுத்தால், அங்கே ஐயரின் குரல் மட்டும் கேட்கும். கெட்டிமேளம் எங்கேயோ தெருவில் அடிப்பதுபோல் இருக்கும், ஏனென்றால் மேளத்துக்கு மைக்கே இல்லை. அதனால் மேளத்துக்கு ஒரு மைக் வைத்து, அதை மண்டபத்துக்கு அனுப்பாமல் நேரலைக்கு மட்டும் தனி வழியில் அனுப்புகிறேன். தாலி கட்டும் நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் தாத்தாவுக்கும் மேளம் மேளமாகக் கேட்க வேண்டும்.

வயர்லெஸ் மைக் பற்றி ஒன்று மட்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவு செற்கள் நிறைய உண்டு, நானும் அங்கேதான் தொடங்கினேன். அலைவரிசையை மாற்ற முடியாத செற்றை வாங்காதீர்கள். பக்கத்து மண்டபத்திலும் அதே செற் இருந்தால், உங்கள் மணமேடையில் அடுத்த வீட்டுப் பிறந்தநாள் வாழ்த்துக் கேட்கும். பேச்சு மேசைக்கு எப்போதும் வயர் மைக் ஒன்று தயாராக இருக்கட்டும்.

பணம். மூன்று மணித்தியால நிகழ்ச்சி எனக்குப் பதினொரு மணித்தியாலம். ஏற்ற ஒன்று, போய் இறக்க ஒன்று, பொருத்த இரண்டு, பரிசோதிக்க ஒன்று, நிகழ்ச்சி மூன்று, கழற்ற ஒன்றரை, திரும்ப வந்து வீட்டில் அடுக்க ஒன்றரை. தொடக்கத்தில் பொக்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து விலை சொன்னேன், நட்டம். இப்போது நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். பட்டா என்ற சின்ன லொறி ஹயர், தம்பிமாரின் கூலி, சாப்பாடு எல்லாம் கழித்து மிஞ்சுவதில் மூன்றில் ஒன்றைத் தொடுவதே இல்லை. அது பழுதுக்கும் புதுப் பொருளுக்கும். தம்பிமாருக்குக் கூலியை அன்றிரவே லொறி புறப்படும் முன் கையில் கொடுத்துவிடுவேன், எனக்குக் காசு வந்ததோ இல்லையோ.

"நாங்கள் தெரிந்த ஆட்கள்தானே" என்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்களுக்கு ஒரே பதில்: என் உழைப்பை விட்டுத் தருகிறேன், லொறிக்கும் தம்பிமாருக்கும் நீங்கள் கொடுங்கள். இதில் யாரும் கோபித்ததில்லை. அரைவாசி முற்பணம் வாங்குவேன். பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு தரம் எழுதி அனுப்பி "சரி" வாங்கிக்கொள்வேன். பாடசாலைகளும் அலுவலகங்களும் பில் கேட்கும், காசோலையைத் தொழிலின் பெயருக்கு எழுதும். அதற்காகப் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் திறந்தேன். பக்கத் தொழில்தானே என்று நான் நான்கு வருடம் தள்ளிப்போட்டது பிழை. அலுவலகத்திலும் என் மேலாளரிடம் முதலே சொல்லி எழுத்தில் அனுமதி எடுத்தேன். மாதக் கடைசியில் கணக்கு மூடும் கிழமை எந்த நிகழ்ச்சியும் இல்லை. மாதம் மூன்றுக்கு மேல் எடுத்த காலத்தில், திங்கட்கிழமை காலை என் கணக்கில் பிழை வந்தது, வீட்டில் என் குரல் உயர்ந்தது. அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

வெளியே ஒலிபெருக்கி வைப்பதற்குப் பொலிஸ் அனுமதி தேவை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் கொடுத்த உத்தரவு இருக்கிறது. அனுமதி எடுப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு என்று எழுதிக்கொள்வேன், ஆனால் அதன் பிரதி என் பையில் இல்லாமல் சுவிட்சைப் போடமாட்டேன். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் கோயில் முற்றத்து வேலை என்றால் வானத்தைப் பார்க்க வேண்டும். இடி கேட்டால் நிகழ்ச்சியை நிறுத்தி வயரைக் கழற்றச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மாதக்கணக்கில் எந்த நிகழ்ச்சியும் இல்லை. மெல்லத் தொடங்கியபோது 2020 மார்ச்சில் ஊரடங்கு. வாங்கிய முற்பணம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது, மாதச் சம்பளம் வந்தது. எனக்கு வயர் சுற்றவே கற்றுத் தந்த ஒரு அண்ணா முழுநேரமாக இதையே செய்தவர். ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று கீழாக மடித்தால் வயர் முறுக்காமல் விரியும் என்று காட்டியவர் அவர். அந்த வருடம் தன் மிக்ஸரை விற்க என் வீட்டுக்கு வந்தார். அவர் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, அந்த மிக்ஸரைப் புதிதாக வாங்க யாராலும் ஏலாது. மின்வெட்டும் டீசல் வரிசையுமாக இருந்த அந்த மாதங்களில் பற்றரி இன்வேர்ட்டரில் இரண்டு பொக்ஸை மட்டும் வைத்து ஒரு கல்யாணம் செய்தோம், அவரும் நானும். இப்போது அவர் திரும்பவும் முழுநேரம். பெரிய வேலை வந்தால் மிக்ஸரை எடுத்துக்கொண்டு போவார், அதற்கு நான் வாடகை வாங்குவதில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் வேலை செய்த பிறகு எல்லா இணைப்பு முனைகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். உப்புக்காற்று சொல்லாமல் தின்றுவிடும். இரைகிற வயரை "பிறகு பார்க்கலாம்" என்று திரும்பப் பெட்டிக்குள் போடாதீர்கள், அன்றே முடிச்சுப் போட்டுத் தனியே வையுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.

வரும் சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு வீணைக் கச்சேரி. மண்டபத்தில் பழைய வட்டப் பின் பிளக்தானாம். வியாழன் பின்னேரம் வேலை முடிந்து நேரே போய்ப் பார்க்க வேண்டும். திறப்பு வைத்திருப்பவர் ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.